பதினேழாம் பெட்டியின் கடைசி ரீல்

ஒரு மனிதர் சினிமாவுக்கு எத்தனை தொந்தரவு கொடுக்க முடியும் என்பதற்கு எல்லை ஒன்று இருக்குமானால், அந்த எல்லைக்கல்லை நட்டவர் மறுக்கா என்கிறவர்தான். படம் எடுப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பேர் தொழிலை விட்டுவிட்டு எருமை வாங்கியிருப்பார்கள். அந்த எருமையையும் அவர் குறை சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

இப்போது தெருவுக்கு ஒரு வீடியோ கேசட் கடை வந்துவிட்டது. எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் அந்த வேலையைச் செய்தது எங்கள் முதலாளியின் கடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. அதில் இரண்டு பதினாறு எம்.எம். புரொஜெக்டர், மடித்து வைத்த வெள்ளைத் திரை, இருபத்திரண்டு தகரப் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு படம், படத்துக்கு நாலு ரீல், ரீலுக்கு ஒரு டின். கொட்டகைகளில் ஓடி ஓய்ந்த பழைய படங்களைச் சின்ன பிலிமில் பிரதி எடுத்து, கல்யாண வீடு, காதுகுத்து வீடு, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று வாடகைக்கு விடுவோம். படத்தின் பெயரை யாரும் சொல்லிக் கேட்பதில்லை. "நாலாம் பெட்டி குடுங்க, அதுலதான் கத்திச் சண்டை" என்பார்கள். பெட்டியோடு போய்ப் படத்தை ஓட்டிவிட்டு வரும் ஆபரேட்டர் நான்.

மறுக்கா, மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். நாற்பது வயசு, தனிக்கட்டை, ஒரு சைக்கிள், ஒரு தோல் பை. சொந்தப் பெயர் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் இருந்திருக்கும். வெளியே யாரும் அதைப் பயன்படுத்திக் கேட்டதில்லை. அந்தப் பட்டப்பெயர் வரக் காரணமானவன் நானேதான்.

வாடகைக்குப் போய்த் திரும்பிய பிலிம் எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று பகலில் பின்னறை ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரில் ஓட்டிப் பார்ப்பேன். முதலாளியின் பசுவுக்கு ஊசி போட வந்தவர் ஒரு நாள் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். கதாநாயகி எருமைத் தொழுவத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"தம்பி, அந்த எடத்த மறுக்கா போடுங்க" என்றார்.

புரொஜெக்டரில் பின்னோக்கி ஓட்டவும் ஒரு விசை உண்டு. மரியாதைக்காகப் போட்டேன்.

"மறுக்கா போடுங்க."

போட்டேன். கதாநாயகியின் கண்ணீர் கண்ணுக்குள்ளே திரும்பப் போனது. திரும்ப வழிந்தது. ஐந்தாவது தடவை அவர் சுவரருகே போய், எருமையின் மடிமேல் விரலை வைத்தார்.

"இது பால் வத்தின எருமைங்க. கண்ணால பாத்தாலே தெரியுது. ஆனா அடுத்தாப்புல இதுலருந்துதான் ரெண்டு படி கறக்கறாங்க. எந்த ஊருக்காரருங்க இந்தப் படம் எடுத்தது?"

எனக்குத் தெரியாது என்றேன். "விசாரிச்சு வெய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பத்து மணிக்கே வந்து பின்னறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவரை அடுத்த நாலு வருஷம் என்னால் எழுப்ப முடியவில்லை.

பார்ப்பதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். அவர் எழுதவும் ஆரம்பித்தார். கால்நடை மருந்துச் சீட்டின் பின்புறத்தில் விமரிசனம் எழுதி, அந்தந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடுவார். வாடகைக்கு எடுப்பவர் மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

"பன்னிரண்டாம் பெட்டி. குதிரை நன்றாக நடித்திருக்கிறது. மற்றவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை."

"மூன்றாம் பெட்டி. முதல் ரீலைப் பார்க்கவும். பிறகு சாப்பிடப் போகலாம். கடைசி ரீலுக்கு வந்தால் போதும், கதை போட்டது போட்டபடி அங்கேயே கிடக்கும்."

"ஒன்பதாம் பெட்டி. வேளைக்கு ஒரு ரீல் வீதம் நாலு வேளை. ஒரே வேளையில் கொடுத்தால் வயிறு உப்பும்."

கிழித்துப் போட்டால் மறுநாள் புதுசு இருக்கும். பழையதைவிட நீளமாக இருக்கும்.

கடைக்கு வரும் ஆட்களை வாசலிலேயே மறித்துப் பேசுவது இன்னொரு கொடுமை. ஒரு தடவை காதுகுத்துக்காக ஒருவர் ஆறாம் பெட்டி கேட்டு வந்தார்.

"ஆறுங்களா?" என்றார் மறுக்கா, மாட்டுக்கு என்ன சீக்கு என்று கேட்கும் குரலில். "மூணாவது ரீல்ல அம்மாக்காரி செத்துப்போயிருவா. பாயசம் குடிச்சுட்டு உக்காந்து அத எதுக்குங்க பாக்கணும்?"

"அப்ப பத்தாம் பெட்டி எடுத்துக்கறனுங்க."

"பத்துல அப்பன் சாவான்."

"யாருமே சாவாத படம் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. பதினாலு. ஆனா அதுல ஆருக்குமே உசுரு கெடையாதுங்க, செத்தாலும் தெரியாது."

வந்தவர் படமே வேண்டாமென்று பாலக்காட்டுக்குப் போய் நாதஸ்வரம் பேசிக்கொண்டார். முதலாளி அன்று மாலை என்னைத்தான் திட்டினார். மறுக்காவை நேரில் திட்ட முடியாது. பசு சினையாக இருந்தது.

அவர் வேலை பார்க்கும் இடமாவது சினிமாவிலிருந்து தப்பியதா என்றால் அதுவும் இல்லை. பெருமாட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பசு கன்று போட முடியாமல் தவித்தபோது, முழங்கைவரை கையை உள்ளே விட்டுக்கொண்டு, பக்கத்தில் பயந்துபோய் நின்ற தோட்டக்காரரிடம் எட்டாம் பெட்டியின் கதையைச் சொல்லியிருக்கிறார். இடைவேளை வந்தபோது கன்றின் கால் வெளியே வந்ததாம். தோட்டக்காரர் எங்கள் கடைக்கே வந்து, "பாதிக் கதையில உட்டுட்டுப் போயிட்டாருங்க, மீதியச் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டார். கன்று எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதைப் பற்றி அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

இப்படி உலகத்துப் படங்களையெல்லாம் குறை சொன்னவருக்கு ஒரே ஒரு படம் பிடித்திருந்தது. எங்கள் கடையிலேயே ஒருவரும் தொடாத பதினேழாம் பெட்டி. வெளிவந்த காலத்திலேயே ஒரு வாரம் தாண்டாத படம். ஒரு கிழவி, பட்டாளத்துக்குப் போன மகனின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். கடிதம் வருகிறது. ஆனால் அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே அவன் செத்துப்போனான் என்ற செய்தி தபாலாபீசுக்கு வந்துவிட்டது. கடிதத்தில் 'அடுத்த மாசம் வருகிறேன் அம்மா' என்று எழுதியிருக்கிறது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று தபால்காரர் இரண்டரை மணி நேரம் யோசிக்கிறார். பாட்டு ஒன்றே ஒன்று. அதையும் முழுசாகப் பாட மாட்டார்கள்.

இந்தப் பெட்டிக்குள் மட்டும் மறுக்காவின் விமரிசனம் ஒன்பது பக்கம் இருந்தது. குறை என்று ஒரு வரி இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அதை ஓட்டச் சொல்லிக் கழுத்தை அறுப்பார். தபால்காரர் சைக்கிளை நிறுத்துவார். "மறுக்கா." நிறுத்துவார். "மறுக்கா." அந்த மனிதர் சைக்கிளை நிறுத்துவதை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். என் கல்யாணத்தைக்கூட நான் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை.

ஒரு ஆடி மாசம், கோயம்புத்தூரிலிருந்து பழைய பிலிம் வாங்குகிற ஆள் ஒருவர் வந்தார். கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவினால் கொஞ்சம் வெள்ளி கிடைக்குமாம். மிச்சத்தை உருக்கி வளையல் செய்வார்களாம். முதலாளி பெட்டிகளை ஒரு நோட்டம் விட்டார்.

"பதினேழு என்னிக்காச்சும் வெளிய போயிருக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப அதத் தள்ளி வெய்யி. தீவாளிக்குள்ள ஒருக்காவாவது ஆராச்சும் எடுத்தா வெச்சுக்கலாம். இல்லாட்டி வளையலுக்குப் போவட்டும்."

மறுக்கா ஸ்டூலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் இருந்தால் நாம் பயப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆவணியில் பெருமாட்டியில் ஒரு பெரிய கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக் களத்தில், பெண்ணழைத்து வந்த அன்று பொழுது சாய்ந்ததும் படம். கேட்டது நாலாம் பெட்டி, கத்திச் சண்டை. மறுக்காவும் கூட வந்தார். அந்த வீட்டு மாடுகளெல்லாம் அவருக்குப் பழக்கம் என்பதால் பத்திரிகை வைத்திருந்தார்கள்.

நானூறு பேர் இருப்பார்கள். தென்னைமரங்களுக்கு நடுவே திரையைக் கட்டி, முதல் ரீலை மாட்டி, விளக்கைப் போட்டேன். திரையில் தபால்பெட்டி ஒன்று வந்தது. அதன்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

அது பதினேழாம் பெட்டியின் முதல் காட்சி. மறுக்காவைப் பார்த்தேன். அவர் காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பவுண்டருங்களே, இது என்னங்க?"

"பெட்டிக்குள்ள டின் மாறிப்போச்சாட்ட இருக்குதுங்க."

"மாறிப்போச்சா, மாத்தினீங்களா?"

"எப்படியிருந்தா என்ன தம்பி. பதினேழு வெளிய வந்துருச்சு. இனி வளையலுக்குப் போவாது." குரலைத் தாழ்த்தி, "பேசாதீங்க, சைக்கிள் வரப்போவுது" என்றார்.

கடைக்குத் திரும்பிப் போய் எடுத்துவர வழியில்லை. ஒன்பது மைல், எங்களை இறக்கிவிட்ட வாடகை ஜீப்பும் போய்விட்டது. ஓட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா என் தோளைத் தொட்டார்.

"ஏனப்பா, கத்தி எப்ப வரும்?"

"அடுத்த ரீல்லங்க."

அடுத்த ரீலில் தபால்காரர் இன்னொரு தடவை யோசித்தார். மாப்பிள்ளையின் அப்பா மறுபடியும் வந்தார். "ஏனப்பா, இவம் பாட்டுக்கு நடந்துட்டே இருக்கறான். நாம தபாலாபீஸ்ல உக்காந்தாப்புல இருக்குது." பிள்ளைகள் எழுந்து வைக்கோல் போருக்குப் போய்விட்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வெற்றிலைத் தட்டைத் தேடிப் போனார்கள். மிஞ்சியது முன்வரிசையில் பெண்கள் கூட்டம்; அதற்கு நடுவில் தலையைக் குனிந்தபடி புதுப்பெண். அவள் எழுந்திருக்காததால் மற்றப் பெண்களும் எழுந்திருக்கவில்லை.

மூன்று ரீல் முடிந்தது. தபால்காரர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிழவியின் வீட்டைப் பார்த்துக் கிளம்பினார். நான் நாலாவது ரீலை மாட்டினேன்.

திரையில் இரண்டு பேர் குதிரைமேல் பாய்ந்து வந்து கத்தியால் மோதிக்கொண்டார்கள்.

முந்தின நாள் மறுக்கா கேட்டாரென்று பின்னறையில் பதினேழின் கடைசி ரீலை ஓட்டியிருந்தேன். அது அங்கே, பிலிமைத் திருப்பிச் சுற்றும் ஸ்டாண்டிலேயே மாட்டியபடி கிடந்தது. அவசரத்தில் அவர் மாற்றியது மூன்று டின்தான். நாலாவது டின், உண்மையான நாலாம் பெட்டியுடையது.

களத்தில் விசில் பறந்தது. வைக்கோல் போரிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மடித்த வேட்டியோடு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் நான் அத்தனை நிம்மதியாக இருந்ததில்லை. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்தான் இருந்தது.

"அந்தக் கடுதாசியக் குடுத்தாருங்களா, இல்லீங்களா?"

கேட்டது புதுப்பெண். அந்த வீட்டுக்கு வந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த அத்தை ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "அவ அண்ணன் பட்டாளத்துல வடக்க இருக்கறானுங்க. கல்யாணத்துக்கு லீவு கெடைக்கல. மூணு மாசமாக் கடுதாசியும் இல்ல."

மாப்பிள்ளையின் அப்பா கத்தியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். வந்த முதல் நாளே அவள் கேட்டதை இல்லை என்று சொல்ல அவருக்கு மனசில்லை.

"ஏனப்பா, அந்தக் குதிரைய நிறுத்து. தபால்காரனப் போடு."

தபால்காரர் சித்தூரில், ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்று நான் எப்படிச் சொல்வது? புரொஜெக்டரை நிறுத்தினேன். வாயைத் திறப்பதற்குள் மறுக்கா திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"தம்பி, வெளிச்சம் மட்டும் போடுங்க. ரீல் வேண்டாம்."

வெறும் வெளிச்சத்தைப் போட்டேன். அந்த வெள்ளைத் துணிக்கு முன்னால், முழங்கால் வரைக்கும் மடித்த வேட்டியோடு, மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் சைக்கிளை நிறுத்தினார். சைக்கிள் இல்லை. ஆனால் நிறுத்தினார். நான் நூறு தடவை படத்தில் பார்த்திருந்த அதே நிறுத்தல்தான், ஒரு விரல்கூட மாறவில்லை. பிறகு கிழவியாகி முறத்தைக் கீழே வைத்தார். கிழவி வீட்டு வாசலில் கட்டியிருந்த பசுவாகவும் ஒரு நிமிஷம் நின்றார். அதை மட்டும் அவரால் விட முடியவில்லை. பெண்கள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கத்திக்காக வந்த ஆண்களும் போகவில்லை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தப் படத்தின் முடிவு எனக்குத் தெரியும். தபால்காரர் கிழவியின் வாசல்வரை போவார், திரும்பி வருவார், கடிதத்தைக் கிணற்றில் போட்டுவிடுவார். கிழவி வாசலைப் பார்த்தபடியே செத்துப்போவாள். கல்யாண வீட்டில், அண்ணன் பட்டாளத்தில் இருக்கும் பெண்ணின் முன்னால் இதைச் சொன்னால் எங்கள் இரண்டு பேரையும் தென்னைமரத்தில் கட்டி வைப்பார்கள். சாடை காட்டினேன், இருமினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

தபால்காரர் வாசலுக்குப் போனார். கையைச் சட்டைப்பைக்குள் விட்டார். மறுக்கா புதுப்பெண்ணை ஒரு தடவை பார்த்தார்.

"குடுத்துட்டாருங்க" என்றார்.

களமே மூச்சு விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. தபாலாபீசுக்கு வந்த செய்தி வேறு ஒரு பட்டாளத்துக்காரனைப் பற்றியது என்றார். பெயர் ஒன்று, ஆள் வேறு. கிழவி கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போதே வரப்பில் ஓர் ஆள் வருகிறான், மகன்தான் என்றார். செத்தவன் திரும்பி வரும் படங்களை அவர் அதுவரை எப்படியெல்லாம் ஏசியிருக்கிறார் தெரியுமா? "அதுக்கு விமரிசனம் கெடையாதுங்க, வைத்தியந்தான்" என்பார். அந்த மனிதர்தான் இப்போது ஒரு செத்த மகனை வரப்போரமாக நடத்திக் கூட்டி வந்தார். புதுப்பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து சிரித்தாள்.

திரும்பி வரும் ஜீப்பில் நான் கேட்டேன். "ஏனுங்கண்ணா, கடுதாசியக் கெணத்துலதான போடுவான்?"

"ஆமாங்க."

"பின்ன?"

தோல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்த முடிவு அப்படியொண்ணும் சரியில்லீங்க தம்பி" என்றார். அந்தப் படத்தைப் புகழ்ந்து ஒன்பது பக்கம் எழுதியவர்!

பிறகு நடந்ததுதான் என்னை முழுசாகச் சீரழித்தது. பதினேழாம் பெட்டி வெளியே போய்விட்டதால் முதலாளி அதை விற்கவில்லை. தீபாவளிக்கு முதல் வாரம், அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. அண்ணன் லீவில் வந்திருக்கிறானாம். அந்தத் தபால்காரர் படம் வேண்டுமாம், இந்தத் தடவை கடைசி ரீலோடு. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் கவலை. உயிரோடு வந்து உட்கார்ந்திருக்கும் பட்டாளத்துக்காரனுக்கு முன்னால் அந்தக் கிணற்றைக் காட்டுவதா?

"கடசி ரீல் எடுத்துட்டுப் போவாதீங்க" என்றார் மறுக்கா. "நாம் வர்றேன்."

அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தான். மறுக்கா வரப்பில் அவனையே நடத்திக் கூட்டி வந்தாற்போல் இருந்தது. அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வேறு வீடுகளும் கேட்க ஆரம்பித்தன. ஒரு வருஷத்தில் ஆறு வீடு. படம் மூன்று ரீல், நாலாவது ரீல் கம்பவுண்டர். ஒவ்வொரு தடவையும் அவரைத் தேடிப் பிடித்து, கையைக் கழுவச் சொல்லி, சினை மாட்டின் வாசனையோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது நான். ஒவ்வொரு தடவையும் வழியெல்லாம் என் புரொஜெக்டரின் வெளிச்சத்தைப் பற்றிக் குறை கேட்டுக்கொண்டு போனதும் நான்.

ஒரு சித்திரையில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காராமல் நின்றார். "ஸ்தலமாற்றம் ஆர்டர் வந்துருச்சுங்க. மூணாறு. எஸ்டேட்டுப் பக்கம் மாட்டுப்பண்ணை." நல்லது என்றேன். அந்த ஸ்டூலை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்றும் நினைத்தேன். சைக்கிளைப் பஸ் மேலே கட்டிக்கொண்டு போனார். பின்னறையில் அன்று மத்தியானம் ஒரு படத்தை நிறுத்தாமல் முழுசாக ஓட்டிப் பார்த்தேன். என்ன கதை என்று மனசில் பதியவே இல்லை.

ஆவணியில் பெருமாட்டி வீட்டிலிருந்து மறுபடியும் ஆள். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பேர் வைக்கிறார்கள், தபால்காரர் படம் வேண்டும். கம்பவுண்டர் ஊரில் இல்லை என்று சொன்னேன். "படம் இருக்குதல்லங்க?" என்றார்கள்.

கடைசி ரீலைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டு மூன்று ரீலோடு போனேன்.

மூன்றாவது ரீல் முடிந்ததும் வெறும் வெளிச்சத்தைப் போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்றேன். சைக்கிளை நிறுத்தினேன். முறத்தைக் கீழே வைத்தேன். பசுவை விட்டுவிட்டேன், அதற்கெல்லாம் படித்திருக்க வேண்டும். கடிதத்தைக் கொடுத்தேன். வலது கையில் டிரங்குப் பெட்டியோடு மகனை வரப்பில் நடத்திக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினேன். மடியில் குழந்தையோடு அந்தப் பெண் தலையாட்டினாள்.

இதையெல்லாம் விவரமாக எழுதி மூணாறுக்கு ஒரு கார்டு போட்டேன். பாராட்டி எழுதுவார் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. இரண்டு வாரம் கழித்து மருந்துச் சீட்டின் பின்புறத்தில் பதில் வந்தது.

"பசுவை விட்டது தப்பு. டிரங்குப் பெட்டி வலது கையில் இருக்கக் கூடாது. இடது கையில் பிடிக்க வேண்டும். வலது கை சும்மா இருந்தால்தான் அம்மாவின் கண்ணைத் துடைக்க முடியும்."

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் அந்த மகனைக் கூட்டி வந்திருக்கிறேன். பெட்டி இடது கையில்தான் இருக்கும்.